எங்கள் பதிவேட்டில் இருந்த பனைமரம்

2022ல் எங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். தலைவரோடு ஊராட்சி நியமிக்கும் ஆறு பேர் வரை, அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் என்பது அப்போதைய விதி. ஊரில் என்னென்ன செடி கொடி, விலங்கு, நீர்நிலை இருக்கின்றன என்று ஊர்க்காரர்களைக் கேட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது இந்தக் குழுவின் முக்கியமான வேலை.

பதிவேடு ஏற்கெனவே இருந்தது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பதிவேட்டை எழுதி முடிக்க 2020 ஜனவரி 31 வரை கெடு வைத்தபோது, அவசரத்தில் யாரோ வெளியாட்கள் எழுதிக் கொடுத்தது. மரங்கள் பக்கத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே பனைமரம். ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் பனை எங்கே இருக்கிறது? சின்ன வயதில் பறித்துத் தின்ற தவிட்டுப்பழம் அதில் இல்லை. ஊருக்குக் கீழே உள்ள சதுப்பும் இல்லை. நெஞ்சு கொதித்தது. ஊரைப் பார்க்காமலே எழுதிய தாளில் ஊராட்சி முத்திரை!

சரி, மறுபடி எழுதுவோம் என்று முடிவு செய்தோம். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய இரண்டு வாரமும் வீண். அப்புறம் கொழுந்து பறிக்கும் பாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்தோம். வருவாய்க் கணக்கில் சதுப்பு 'தரிசு' என்று இருப்பதைச் சொன்னேன்.

"தரிசா? கால் வெச்சுப் பாரு கண்ணு."

வைத்தேன். மார்ச் வெயிலிலும் கணுக்கால் வரை இறங்கியது. புல்லுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு செடி. சிவந்த மயிர்களின் நுனியில் பசைத் துளி, அதில் ஒட்டிக்கொண்ட கொசு இன்னும் துடித்தது. சதுப்பின் ஓரத்துக் கிணற்றிலிருந்துதான் எங்கள் தெருக்குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. இவ்வளவு நாளும் இதை நான் யோசித்ததே இல்லை.

ஒவ்வொரு பெயரையும் பாட்டி சொன்னபடியே எழுதினோம். யார் சொன்னது, எந்தத் தேதி என்பதையும் பக்கத்திலேயே குறித்தோம். இதைச் செய்யப்போகிறவர்கள் தயவுசெய்து இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். 2023 மார்ச் 22, தண்ணீர் தினக் கிராம சபையில் பதிவேட்டைச் சத்தமாகப் படித்தோம். பெண்கள் எழுந்து இன்னும் பதினோரு கீரைகளின் பெயரைச் சொன்னார்கள்.

நான்கு மாதம் கழித்து, கட்டட மண்ணைச் சதுப்பில் கொட்டிக்கொள்ள ஒருவர் இடம் கேட்டார். தடுத்து நிறுத்தும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, கருத்துதான் சொல்ல முடியும். பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் கிணற்றின் படத்தையும் இணைத்து எழுதிக் கொடுத்தோம். ஊராட்சி இடம் தரவில்லை.

வருவாய்க் கணக்கில் இன்னும் 'தரிசு'தான். அதை மாற்றச் சொல்லி இரண்டு மனு கொடுத்தாகிவிட்டது. மூன்றாவதைப் பாட்டியின் கைநாட்டோடு கொண்டுபோகிறோம்.