கட்டைவிரல் சொல்லும் வித்தியாசம்

என் இழுப்பறையில் இரண்டு பேட்ஜ்கள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எது எது என்று சொல்லிவிடுவேன். ஒன்றில் வரப்பும் வயலும் போல மேடு பள்ளம். அது சாஃப்ட் எனாமல். எஃகு அச்சை வைத்து உலோகத் தகட்டில் ஓங்கி அழுத்துவார்கள். கோடுகள் மேடாக நிற்கும், நடுவே குழிகள் விழும். முலாம் பூசியபின் ஊசிமுனைக் குழாயால் குழி குழியாக வண்ணம் விட்டுச் சூட்டில் உலர்த்துவார்கள். காயும்போது வண்ணம் சற்றே தாழ்ந்துவிடும்.

இன்னொன்று தாத்தாவுடையது. கண்ணாடிபோல வழவழப்பு, உண்மையில் அது கண்ணாடியேதான். கண்ணாடித் தூளைச் செம்புக் குழிகளில் நிரப்பி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் உலையில் உருக்குவது பழைய ஹார்ட் எனாமல் முறை. தூளுக்கு இடையே காற்று இருப்பதால் உருகியதும் மட்டம் இறங்கிவிடும். மறுபடி நிரப்ப வேண்டும், மறுபடி சுட வேண்டும். கடைசியில் கோடும் கண்ணாடியும் ஒரே மட்டமாகும்வரை தேய்ப்பார்கள். அதன் நீலம் கோபால்ட் தந்தது. இத்தனை வருடத்தில் துளியும் மங்கவில்லை.

இன்று ஹார்ட் எனாமல் என்று விற்பவற்றில் பெரும்பாலும் கண்ணாடி இல்லை, ரெசின் எனும் செயற்கைப் பிசின்தான். அதையும் நிரப்பிச் சுட்டுத் தேய்த்து, பிறகே முலாம் பூசுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் கை முதலில் தாத்தாவின் பேட்ஜைத்தான் தேடுகிறது. பின்பக்க ஊசி தளர்ந்துவிட்டதால் சட்டையில் குத்துவதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.