ஸ்டீயரிங் ஆயில் எங்கே போகிறது?

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஸ்டீயரிங் ஆயில் டப்பா ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும். அளவு குறைந்தால் ஊற்றுவது, மறுபடியும் குறைந்தால் மறுபடியும் ஊற்றுவது என்றே வருடங்கள் ஓடிவிடும். இன்ஜின் ஆயிலாவது வண்டி ஓட ஓடக் கொஞ்சம் எரிந்து குறையும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அது மூடிய சுற்றுக்குள் பம்பிலிருந்து, சக்கரங்களைத் திருப்பும் பாகமான ரேக்குக்கும், ரேக்கிலிருந்து பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவுக்கும் ஓடிக்கொண்டிருப்பது. குறைகிறது என்றால் எங்கோ வெளியே போகிறது என்றுதான் பொருள். ஆகவே எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்பதற்கு முன், ஊற்றியது எங்கே விழுகிறது என்று கேட்க வேண்டும்.

1951-இல் கிரைஸ்லர் நிறுவனம் தனது இம்பீரியல் காரில் அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து ஆயில் அழுத்தத்தால் இயங்கும் இந்த ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் பெல்ட் ஒரு பம்பை ஓட்டுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தி, ஹோஸ் எனப்படும் ரப்பர் குழாய் வழியாக ரேக்குக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப நமக்குக் கை கொடுக்கிறது. நேர்ச்சாலையில் போகும்போது இந்த அழுத்தம் குறைவு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துப் பிடிக்கும்போதோ, டயரில் வெறும் 32 பிஎஸ்ஐ காற்றோடு ஓடும் அதே காரின் ஸ்டீயரிங் ஹோஸுக்குள் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐயைத் தாண்டிவிடும். முழுக்க ஒடித்தபடி சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருக்காதீர்கள் என்று பல கார்களின் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடிவிட்டு ஊருக்குள் நுழைந்து, நெருக்கடியான ஓர் இடத்தில் வண்டியை முன்னும் பின்னும் ஒடித்து நிறுத்தும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். இன்ஜினின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், அந்தப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கொதித்துக்கொண்டிருக்கும். ஓட்டத்தில் கிடைத்த காற்று நின்றுபோயிருக்கும். ஹோஸில் அழுத்தம் உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். வயதான ரப்பர் பிளந்துகொள்ள அதைவிடத் தோதான தருணம் இல்லை. இன்ஜினை நிறுத்திய பிறகும் பானெட்டுக்குள் வெப்பம் சிறிது நேரம் ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்பதால், நிறுத்திப் பூட்டிவிட்டுப் போன வண்டி புகைவதும் உண்டு.

சொட்டுச் சொட்டாக விழும் ஆயில் பெரும்பாலும் தீப்பிடிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திறந்த இடத்தில், பொறி எதுவும் இல்லாமல், சூடான உலோகத்தில் பட்ட மாத்திரத்தில் ஆயில் பற்றிக்கொள்ள அந்த உலோகம் மிக அதிகமாகக் காய்ந்திருக்க வேண்டும். மற்ற நேரங்களில் நெடியோடு வெண்புகை மட்டும் வரும். நம்மை அலட்சியப்படுத்த வைப்பதும் இந்தப் புகைதான்: பல மாதம் புகைந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றிவிடும். ஆனால் அதே ஹோஸில் ஊசித்துளை விழுந்து, ஆயில் பனிபோலப் பீய்ச்சியடித்தால் கதை வேறு. நுண்துளிகளாகச் சிதறிய ஆயில் மிக எளிதில் பற்றிக்கொள்ளும். மேனிஃபோல்டும் சுமையோடு ஓடும்போது 500 டிகிரிக்கு மேல் போகக்கூடியது.

இது கற்பனை அல்ல. 2003 முதல் 2007 வரையிலான மாடல்களைச் சேர்ந்த வி6 அக்கார்டு கார்களை, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில், 2012-இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. ஸ்டீயரிங் ஹோஸ் உரிய காலத்துக்கு முன்பே நைந்து வெடித்து, கசியும் ஆயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேல் விழுந்து புகையோ தீயோ உண்டாகலாம் என்பதே காரணம். பெயர் பெற்ற ஒரு தயாரிப்பாளரின் விலை உயர்ந்த காரிலேயே ஒரு ரப்பர் குழாய் இப்படிச் செய்யும் என்றால், பதினைந்து வருடம் வெயிலில் நின்ற காரின் குழாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2021-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயத் திரும்ப அழைப்பு விதிகள் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். ஆகவே ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கோடு இன்றும் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த விதிகளின்படி கடிதம் வரப்போவதில்லை. சொந்தக்காரரும் அவருடைய மெக்கானிக்கும் பார்த்தால்தான் உண்டு.

என் காரைப் பார்க்கும் மெக்கானிக் ஹோஸின் நடுப்பகுதியைத் தொடுவதே இல்லை. இரு முனைகளிலும் ரப்பரை இரும்பு கவ்வியிருக்கும் இடத்துக்கு நேராக விரலைக் கொண்டுபோவார். சென்ற முறை அங்கே புழுதியும் ஆயிலும் சேர்ந்து கரிய மெழுகாக ஒட்டியிருந்தது. அதைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, என்னை ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஒடிக்கச் சொன்னார். துடைத்த இடத்தில் ஈரம் மெதுவாக மினுங்கி, கவ்வியின் விளிம்பில் ஒரு துளியாகத் திரண்டு நின்றது. “ஹோஸ் போயிடுச்சு சார், ஆயில் ஊத்தி ஒண்ணும் ஆகாது” என்றார். பழைய கார் வாங்கும்போதும் இதைச் செய்யலாம். விற்பதற்கு முன் இன்ஜினைப் பளபளவென்று கழுவிவிடுவது வழக்கம் என்பதால், சுத்தமாக இருக்கும் இன்ஜினைப் பார்த்து மட்டும் மயங்கிவிடக் கூடாது.

ஓட்டத்தில் ஸ்டீயரிங் திடீரென்று கனத்தால் பதற வேண்டாம். சக்கரத்தோடு உள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். பலம் கொடுத்துத் திருப்பினால் வண்டி திரும்பும். கூடவே பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். நெடியோ புகையோ வந்தால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். புகை வரும் பானெட்டை முழுக்கத் திறப்பதுதான் பலரும் செய்யும் விபரீதம். காற்று உள்ளே பாய்ந்ததும் தீ முகத்துக்கே எழும். ஆயில் தீயில் தண்ணீரும் ஊற்றக் கூடாது.

ஹோஸை மாற்றுவதென்றால் அசல் பாகம் கிடைக்கும்வரை தேடுவதே நல்லது என்பது என் கருத்து. பொக்லைன் வண்டிகளுக்கு ஹோஸ் செய்து கொடுக்கும் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, அழுத்தத்தையும் தாங்கும். ஆனால் அசல் ஹோஸின் இரும்புக் குழாய் எக்ஸாஸ்டை விட்டு விலகிப் போகும்படி வளைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் வெப்பத்தைத் தடுக்கும் உறையும் இருக்கும். கடையில் செய்த நேர்க்குழாய் சூட்டை உரசிக்கொண்டு கிடக்கும். எதைப் போட்டாலும், கழற்றும்போது கீழே சிந்திய ஆயிலை அன்றே கழுவிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது சில நாள் புகைந்துகொண்டே இருக்கும். புதுக் கசிவு வந்தால்கூடத் தெரியாது. பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் ஆயில் நிற்கும் கோட்டை மார்க்கரால் குறித்துவைத்து, ஒரு வாரம் ஓட்டிய பிறகு, இன்ஜின் ஆறிய நிலையில் மறுபடியும் பார்க்க வேண்டும்.