தண்ணிக்குக் கடன் வாங்கலாமா, ஓட்டுப் போடுங்க

கலிபோர்னியாவில் 2024 நவம்பரில் அதிபர் தேர்தலோடு இன்னொரு கேள்வியையும் மக்களிடம் வைத்தார்கள்: மாநில அரசு 1,000 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் விற்கலாமா? முன்மொழிவு 4 என்று பெயர். அதில் 380 கோடி டாலர் குடிநீர், வறட்சி, வெள்ளம் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு, மொத்தப் பணத்தில் குறைந்தது 40 சதவீதம் வசதி குறைந்த பகுதிகளுக்குப் பயன்பட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். ஏறக்குறைய 60 சதவீதம் பேர் சரி என்று போட்டுவிட்டார்கள். சும்மா வருகிற பணமில்லைங்க, வருசத்துக்குச் சுமார் 40 கோடி டாலர் வீதம் 40 வருசம் கட்டணும்.

கடனைக் கட்டப்போகிறவனிடமே கேட்டார்கள் பாருங்க, அது எனக்குப் பிடித்தது.

இங்கே அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டு, உண்ணாவிரதம் எல்லாம் இருந்து, 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிறார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் அது குளத்துக்கு, குடத்துக்கு இல்லை. எங்கள் பக்கம் நல்ல தண்ணி வாரம் பத்து நாளுக்கு ஒருக்கா, அதுவும் ராத்திரி எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது, மத்த நாளெல்லாம் போர் தண்ணிதான், காய்ச்சின பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்து சுரண்டினாலும் போகாது. காசிருக்கிற வீட்டில் பெரிய சம்ப், கேன் தண்ணி. வரிசையாக ஒட்டிக் கட்டின சின்ன வாடகை வீடுகளில், அதாவது லைன் வீட்டில், இருக்கிறவங்க குடத்தோடு நிற்கிறாங்க.

இங்கேயும் ஓட்டு வைத்தால் நான் சரி என்றுதான் போடுவேன், அந்த 40 சதவீதம் லைன் வீட்டுக் குழாய்க்குத்தான் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும்.