குறையாத மூட்டைகள்

வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் இயங்கும் ஒரு சித்த மருந்துத் தயாரிப்புக் கூடத்தில், உள்ளே வரும் மூலிகைச் சரக்கைச் சோதித்து, ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது என் வேலை. ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரிகளிடமிருந்து வேர், பட்டை, பிசின், விதை எனச் சாக்குகளில் வந்து இறங்குவதைப் பார்த்துப் பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. காட்டில் ஒரு மரம் அருகிவருகிறது என்பதைக் கடைத்தெருவின் இருப்பை வைத்து அறியவே முடியாது. மூட்டை எப்போதும் நிறைந்தே வருகிறது.

மிகுதியான மாதவிடாய்ப் போக்குக்கும் கருப்பைக் கோளாறுகளுக்கும் நெடுங்காலமாக வழங்கிவரும் அசோகப் பட்டையையே எடுத்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான பசுமைமாறாக் காடுகளில், ஓடைக்கரை நிழலில் மெதுவாக வளரும் இந்த மரத்தை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998ஆம் ஆண்டிலேயே அழிவுக்கு இலக்காகக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அடிமரத்தைச் சுற்றி முழு வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால், இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்கும் வழி அறுந்து மரம் பட்டுப்போகும். ஒரு பக்கம் மட்டும் கீற்றாக உரித்து, அது ஆறிய பிறகு மறுபக்கத்தைத் தொடலாம்தான். ஆனால் கிலோக் கணக்கில் கூலி பெறுபவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

மரம் குறையக் குறைய வரத்தும் குறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்காததற்குக் காரணம் நெட்டிலிங்கம். பள்ளி வளாகங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவரோரங்களிலும் நெடுநெடுவென்று நிற்கும் அதன் பட்டை, அசோகப் பட்டையின் இடத்தை நிரப்பிவிடுகிறது. (பலரும் அதையே அசோக மரம் என்று அழைப்பது வியாபாரத்துக்கு இன்னும் வசதி.)

அசல் பட்டையின் வெளிப்புறத்தைத் தடவினால் மருக்கள் போன்ற புடைப்புகள் விரலில் தட்டுப்படும். உட்புறம் செம்பழுப்பாக இருக்கும். மென்றால் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். இரண்டையும் கலந்து அனுப்பும்போது கண்ணும் நாக்கும் போதா என்பதால், ஊறவைத்து மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைப்பேன். அசலில் கல்லணுக்கள் (சுவர் தடித்துக் கெட்டிப்பட்ட செல்கள்) வரிசை வரிசையாகத் தெரியும். நெட்டிலிங்கத்தில் ஆப்பு வடிவத் திசுவுக்குள் நார்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அப்படி ஒரு சரக்கைத் திருப்பியபோது, கொண்டுவந்த பெரியவர், "எந்த மரமா இருந்தா என்னம்மா, கஷாயம் துவர்த்தா சரிதானே?" என்றார். கோபம் வந்தது; ஆனால் அவரும் வேறொருவரிடம் வாங்கி விற்பவர், காட்டைக் கண்டவர் அல்லர்.

செஞ்சந்தனத்தின் நிலை வேறு. ஆந்திரத்தின் சேஷாசலம் முதலான, கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் குன்றுகளுக்கே உரிய அந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் 1995 முதல் கட்டுப்பாட்டில் இருக்கிறது. துறைமுகத்தில் கன்டெய்னரோடு கட்டைகள் பிடிபட்ட செய்தி எங்கள் பகுதியில் புதிதல்ல. காவல் இருப்பதால் கட்டை அனுமதிச் சீட்டோடு வருகிறது, ஆனால் பொடியில் ஏமாற்று நடக்கிறது. அதன் செந்நிறம் சாராயத்தில் கரையும், நீரில் கரையாது என்பதால், தண்ணீரில் போட்டவுடன் சிவப்பு இறங்கினால் அது சாயமிட்ட மரத்தூள் என்று ஒதுக்கிவிடுவேன்.

இப்போது அசோகப் பட்டையின் ஒவ்வொரு வரத்தோடும், அதே மரத்தின் இலையுள்ள கிளையொன்றும் வர வேண்டும் என்று கேட்கிறோம். அசோகின் கூட்டிலையும் நெட்டிலிங்கத்தின் நெளிந்த தனியிலையும் எவர் கண்ணையும் ஏமாற்றா. சில வியாபாரிகள் இசைந்தார்கள். சிலர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அசல் கிடைக்காத மாதங்களில் அந்தத் தயாரிப்பையே நிறுத்திவைக்க முதலாளி தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். விலைப்பட்டியலில் அதற்கு எதிரே "இருப்பு இல்லை" என்று எழுதி அனுப்பினால், வாடிக்கைக் கடைக்காரர்கள் எங்களோடு வாதிடுவதில்லை. அன்று மாலைக்குள் வேறிடத்தில் வாங்கிவிடுகிறார்கள்.