மிச்சம் வந்த சிங்கப்பூர், மலேசிய வெள்ளியை மாற்றிய கதை

2024 மே மாதம் பிள்ளைகள் லீவில் மலேசியா, சிங்கப்பூர் என்று ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்தோம். அங்கே போய்க் காசில்லாமல் நிற்கக் கூடாது என்று பயந்து நிறைய நோட்டாக வாங்கிப் போனது என் தப்பு. பாதிச் செலவு கார்டிலேயே முடிந்துவிட்டது. ஊர் திரும்பும்போது பர்ஸில் 430 சிங்கப்பூர் டாலர், 640 மலேசிய ரிங்கிட், அது போக ஒரு ஜிப் பையில் சில்லறைக் காசு.

விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டிக்காக நிற்கும்போதே மனைவி, "இங்கேயே மாத்திடுங்க, வீட்டுக்குப் போனா அலமாரியில கிடந்து மறந்துடும்" என்றாள். வெளியே வரும் வழியில் ஒரு கவுண்டர் இருந்தது. சிங்கப்பூர் டாலருக்கு 56 ரூபாய், ரிங்கிட்டுக்கு 15 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் தனி. போனில் கூகுளைத் தட்டினால் 61.80, 17.70 என்று காட்டுகிறது. கேட்டேன். "அது ஆன்லைன் ரேட் சார், நோட்டுக்கு இதுதான்" என்றார் அந்தப் பையன். அவர் சொன்னதில் பாதி உண்மை. கூகுளில் வருவது பெரிய வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் மாற்றிக்கொள்ளும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் ஒரு புள்ளி, அதைக் கையில் நோட்டு வைத்திருக்கும் நமக்கு எந்தக் கடையிலும் தர மாட்டார்கள். ஆனால் அதற்காக இவ்வளவு பள்ளமா? அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். கூகுள் விலைக்கு 37,900 வர வேண்டியது, இவர் கொடுப்பது 33,680, அதிலும் சார்ஜ் கழியும். நாலாயிரத்துச் சொச்சம் காலி.

திருச்சியில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். பதினெட்டு வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், இன்னமும் டாலரையும் ரிங்கிட்டையும் வெள்ளி என்றுதான் சொல்வார். "அது என்ன கூடை மீனாடா, நாறிப் போறதுக்கு? பேசாம எடுத்துட்டு வா" என்றார். நான் ஏதோ உடனே மாற்றியாக வேண்டும், வீட்டில் வைத்திருந்தால் குற்றம் என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பயணத்தில் மிஞ்சிய நோட்டில் 2000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும் அடுத்த பயணத்துக்கென்று நாமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே இருப்பதைத்தான் திரும்பி வந்த 180 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். என்னிடம் இருந்தது 500 அமெரிக்க டாலர் மதிப்புக்கூட இல்லை.

அடுத்த நாள் என் கணக்கு இருக்கும் வங்கியின் அன்றைய விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். விலை நன்றாக இருந்தது, சந்தோஷமாகக் கிளம்பிப் போனேன். நான் பார்த்தது டிடி பை (TT Buy) என்ற கட்டம், அதாவது வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் பணத்துக்கான விலை. நோட்டுக்கான கட்டம் அதே வரிசையில் தள்ளி இருக்கிறது, அதில் விலை இறங்கிவிடும். அது போகட்டும், அந்தக் கிளையில் வெளிநாட்டு நோட்டே வாங்குவதில்லையாம். அரை நாள் லீவு வீண்.

சரி, திருச்சிக்கே போய்விடுவோம் என்று செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். சனி, ஞாயிறு வேண்டாம் என்றது மாமாதான். அன்னியச் செலாவணிச் சந்தை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 3.30க்கு மூடுகிறது, சனி ஞாயிறு கிடையாது. மூடியிருக்கும் நாளில் திங்கட்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்று கடைக்காரர் குறைத்துத்தான் கேட்பார். திருச்சியில் மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றி மணி சேஞ்சர் கடைகள் நிறைய. சுற்றுவட்டாரத்து ஆட்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போவதும் வருவதுமாகவே இருப்பார்கள். நான் காலையில் விற்ற நோட்டு சாயங்காலம் விமானம் ஏறுகிறவர் கைக்குப் போய்விடும், கடைக்காரர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அதனால் இந்த இரண்டு பணத்துக்கும் அங்கே போட்டி உண்டு.

மாமா ஒரு வேலை சொல்லிக் கொடுத்திருந்தார். விற்க வந்தேன் என்று முதலிலேயே சொல்லாதே, "சிங்கப்பூர் டாலர் வாங்குறது என்ன, கொடுக்கிறது என்ன?" என்று இரண்டையும் சேர்த்துக் கேள். முதல் கடையில் 59.50க்கு வாங்குகிறோம், 63.50க்குக் கொடுக்கிறோம் என்றார்கள். நாலு ரூபாய் வித்தியாசம், அது கடைக்காரருக்கு. அங்கே நிற்கவே இல்லை.

இரண்டாவது கடைக்குக் காலையிலேயே போன் செய்து கேட்டிருந்தேன், 61 ரூபாய் என்று வாய் இனிக்கச் சொன்னார்கள். நேரில் போனதும் கதை மாறியது. அந்த விலை 50 டாலர் நோட்டுக்கு மட்டுமாம், 10 டாலரும் 2 டாலரும் 57தானாம். என்னிடம் 50 டாலர் நோட்டு ஏழுதான், மீதி 80 டாலரும் சின்ன நோட்டு. அந்த ஏழிலும் ஒன்றில் ஓரமாக யாரோ பேனாவால் ஏதோ எண் எழுதியிருந்ததை, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அப்புறம் குரலைத் தணித்து, "பில் வேணாம்னா 15 காசு சேர்த்துப் போட்டுத் தரேன்" என்றார். 15 காசு சேர்ந்தால் எனக்கு அறுபது, எழுபது ரூபாய் லாபம், அதற்காகக் கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாமல் போக வேண்டும். நாளைக்கு நான் கொடுத்த நோட்டில் ஒன்று கள்ள நோட்டு என்று போனில் கூப்பிட்டுச் சொன்னால் நான் என்ன பதில் சொல்வது?

மூன்றாவது கடை மாடியில். சுவரில் ரிசர்வ் வங்கி உரிமத்தின் நகலைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், எனக்கு அதுவே பாதி நம்பிக்கை. வாங்குவது 60.70, கொடுப்பது 62.10. "சின்ன நோட்டுக்கும் அதே விலையா?" என்று கேட்டேன், ஆமாம் என்றார். பேனா எழுத்து நோட்டையும் காட்டினேன். விரலால் ஒரு தடவு தடவிவிட்டு மற்றதோடு சேர்த்து வைத்தார். எல்லா நோட்டையும் மேஜையில் பரப்பி, தலைகளை ஒரே பக்கமாக அடுக்கிக்கொண்டே, "ரிங்கிட்டும் சேர்த்துத் தரீங்களா?" என்றார். அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. "விலையை அப்புறம் பேசலாம், எல்லாம் போக என் கையில எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுங்க அண்ணே" என்றேன். கால்குலேட்டரைத் தட்டித் திருப்பிக் காட்டினார். நான் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து அடுத்த கடை நம்பரைத் தேடுவது போல இருந்தேன். இன்னொரு முறை தட்டினார். டாலர் 60.90, ரிங்கிட் 17.25. மொத்தம் 37,227. அதில் ஜிஎஸ்டி 67 ரூபாய் கழித்துக்கொண்டு 37,160 கொடுத்தார்.

அந்த ஜிஎஸ்டியைப் பற்றி ஒன்று. மாற்றும் தொகை முழுவதுக்கும் 18 சதவீதம் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் தொகையில் 1 சதவீதத்தை எடுத்துக்கொண்டு அதன் மேல்தான் 18 சதவீதம். ஆனால் குறைந்தபட்சம் 45 ரூபாய் உண்டு, ஆக இரண்டாயிரம் ரூபாய்க்கு மாற்றினாலும் அந்த 45 போய்விடும். பாஸ்போர்ட் நகல் வாங்கிக்கொண்டு, கையெழுத்து வாங்கி, பணம் மாற்றியதற்கான சான்றிதழும் கொடுத்தார்கள். பத்து நிமிஷ வேலை.

ஆக, விமான நிலையக் கவுண்டரைவிடக் கிட்டத்தட்ட 3,500 ரூபாய் கூட. பஸ் செலவு, அரை நாள் லீவு எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று மனைவி கேட்டாள், அந்தக் கணக்கை நான் போடவில்லை.

மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ரிங்கிட்டைச் சிங்கப்பூர்லயே தேக்காவுல மாத்தியிருக்கலாமேடா, அங்க தினமும் எல்லை தாண்டி மலேசியா பக்கம் ஜோகூர் போய்ட்டு வர்ற சனம், ரிங்கிட் அவனுக்குச் சில்லறை மாதிரி" என்றார். இருக்கலாம். ஆனால் ரிங்கிட்டை டாலராக்கி, அந்த டாலரை மறுபடி ரூபாயாக்கினால் இரண்டு தடவை கடைக்காரருக்குக் கொடுத்திருப்பேன் அல்லவா?

சில்லறைக் காசை எந்தக் கடையும் தொடவில்லை. கடைசி நாள் சிங்கப்பூரில் தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே கொட்டிக் கொடுத்திருக்கலாம், பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட்டு நோட்டை நீட்டினேன். ஏழு டாலரும் பதினோரு ரிங்கிட்டும் மாத்திரை டப்பாவில் கிடக்கின்றன.