டாக்டருக்கு மேலே என்ன வேலை?

ஜானி கிம்மைப் பற்றிய அந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அமெரிக்கக் கடற்படையின் சீல் கமாண்டோ, ஹார்வர்டில் படித்த டாக்டர், விண்வெளி வீரர், மூன்றும் ஒரே ஆள். எங்கள் குடும்ப குரூப்பில் பெரியப்பா அதைப் போட்டுவிட்டு, கீழே எங்கள் எல்லார் பெயரையும் வரிசையாக டேக் செய்திருந்தார். சரி, திட்டு வாங்கியாயிற்று. ஆனால் அதில் இல்லாத ஒன்று உண்டு: 2016-ல் மருத்துவப் படிப்பை முடித்து, அவசர சிகிச்சையில் ரெசிடென்டாக (பயிற்சி டாக்டராக) இருந்தவரை 2017-லேயே நாசா எடுத்துக்கொண்டது, அவர் மேலே போனதோ 2025 ஏப்ரலில்தான். நடுவில் எட்டு வருடம்.

எட்டெல்லாம் பரவாயில்லை. ஸ்டோரி மஸ்கிரேவ் என்ற சர்ஜனை நாசா 1967-ல் தேர்வு செய்தது, முதல் பயணம் 1983-ல். அந்த 16 வருடத்தில் மனிதர் டென்வரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்வந்து கைப்பழக்கம் விடாமல் பார்த்துக்கொண்டார், இன்னொரு பக்கம் விண்கலத்துக்கு வெளியே வேலை செய்வதற்கான உடை, கருவிகளை வடிவமைப்பதில் இருந்தார். கடைசியில் அவருடைய பெரிய அறுவை சிகிச்சை என்று நான் சொல்வது 1993 டிசம்பரில், விண்வெளியில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கிக்கு நடந்ததைத்தான். ஐந்து தடவை வெளியே போய்ச் செய்த பழுதுபார்ப்பில் மூன்றில் அவர் இருந்தார். டாக்டராவதற்கு முன்னால் மரைன் படையில் விமான எலக்ட்ரீஷியன் அவர், அதுவும் கைகொடுத்திருக்கும்.

மேலே போகும் டாக்டர் பெரும்பாலும் வைத்தியம் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த வேடிக்கை. சர்ஜன் ரியா செடன் 1985-ல் டிஸ்கவரி விண்கலத்தில் போனபோது, வெளியே விட்ட ஒரு செயற்கைக்கோள் இயங்காமல் மக்கர் செய்தது. அதன் சுவிட்சைத் தட்டிவிட உள்ளே இருந்த பிளாஸ்டிக் அட்டைகளை வெட்டி ஈ அடிக்கும் மட்டை மாதிரி ஒன்றைத் தயார் செய்தார்கள், அதற்கு அவர் எடுத்த கருவி மருந்துப் பெட்டியில் இருந்த எலும்பு அறுக்கும் ரம்பம்! மட்டை சுவிட்சில் பட்டது, செயற்கைக்கோள்தான் அசையவில்லை.

நிஜமாகவே நோய் வந்தபோது என்ன ஆயிற்று? சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒருவருக்கு, ஆராய்ச்சிக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில், கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது தற்செயலாகத் தெரிந்தது. யார் என்று இன்றுவரை வெளியே சொல்லவில்லை. கையில் இருந்ததோ எண்ணி வைத்த ஊசி மருந்து, அதை அளந்து அளந்து போட்டுக்கொண்டு, மாத்திரைகள் சரக்குக் கலத்தில் வந்து சேரும்வரை ஓட்டினார்கள். தன் கழுத்தைத் தானே ஸ்கேன் செய்தார், பூமியில் இருந்த நிபுணர்கள் வழிகாட்டினார்கள். வைத்தியம் பார்த்த டாக்டர்கள் கீழேதான் இருந்தார்கள்.

இந்தப் பட்டியலில் என் மனதுக்கு நெருக்கமானவர் வலேரி பல்யகோவ். ரஷ்யர், விண்வெளி மருத்துவமே அவருடைய துறை. 1972-ல் தேர்வாகி 1988-ல்தான் முதல் பயணம், அப்போது வயது 46. அதில் 240 நாள் இருந்துவிட்டு வந்தது போதாதென்று 1994 ஜனவரியில் மறுபடி ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்துக்குப் போய் 437 நாள் இருந்தார். ஒரே மூச்சில் அதைவிட அதிகம் இருந்தவர் இன்னும் யாருமில்லை. செவ்வாய்க்குப் போகும் மனிதனின் உடம்பு அங்கே இறங்கியதும் வேலைக்கு ஆகுமா என்பது அவருடைய கேள்வி, அதற்கு நோயாளியும் அவரே, டாக்டரும் அவரே. 1995 மார்ச்சில் கஜகஸ்தானில் இறங்கியபோது, வழக்கப்படி தூக்கிக்கொண்டு போகாமல், பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிவரை தன் காலாலேயே நடந்து போய் உட்கார்ந்தார்.