பென்சிலில் எழுதியிருந்த பெயர்

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஆங்கில நாவல்களைத் தொடுபவர்கள் குறைவு. நானும் ஆசைப்பட்டுத் தொடவில்லை. தவணை விடுமுறைக்குள் ஆளுக்கொன்று படித்து வரும்படி ஆங்கில மாஸ்டர் சொல்லிவிட்டார். மெல்லிய புத்தகங்களை மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய துப்பறியும் நாவலான ‘மூன்ஸ்டோன்’, செங்கல்லைப் போன்ற கனத்தில். முதற்பக்கத்தில், எனக்கு முன் படித்த யாரோ ஒரு புண்ணியவான் “கள்ளன் இவன்தான்” என்று பென்சிலால் ஒரு பெயரையும் எழுதி வைத்திருந்தான்.

அதனால் சுவை குறையும் என்று நினைத்திருப்பான் போலும். குறையவில்லை.

1799இல் திப்பு சுல்தானின் தலைநகரான சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கில அதிகாரி கொலை செய்து அபகரித்த வைரம், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து யார்க்‌ஷயர் மாளிகை ஒன்றில் ரேச்சல் என்ற பெண்ணின் 18ஆவது பிறந்தநாளுக்குப் பரிசாக வருகிறது. மறுநாள் காலையில் அது இல்லை. பென்சில் பெயருக்குரியவரை நான் பக்கத்துக்குப் பக்கம் கண்காணித்தேன். அவர்மேல் ஒரு தூசுகூட ஒட்டவில்லை.

புதிதாக வர்ணம் பூசிய கதவில் சிறு கலைவு. பெண்களின் பாவாடை உரசியிருக்கும் என்று உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி தள்ளிவிடுகிறார். லண்டனிலிருந்து வரும் சார்ஜன்ட் கஃப், அற்பம் என்று ஒன்றைத் தன் அனுபவத்தில் கண்டதே இல்லை என்கிறார். வர்ணம் எப்போது உலர்ந்தது, கறை யாருடைய உடையில் இருக்கிறது என்று கேட்கிறார். இடையிடையே ரோஜா வளர்ப்பைப் பற்றித் தோட்டக்காரனோடு சண்டை வேறு. அப்படிப்பட்டவரே பிழையான ஆளைச் சந்தேகிக்கிறார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கதையைப் பலர் மாறி மாறிச் சொல்கிறார்கள்: ‘ராபின்சன் குருசோ’வை வேதமாகக் கொண்டாடும் மாளிகைக் காரியஸ்தர், பக்தி முற்றிய ஒரு பெண், ஒரு வழக்கறிஞர். தாங்கள் அறிந்ததை மட்டும் சொல்கிறார்கள். நம்மை ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் ஏமாறுகிறோம். கடைசி அத்தியாயத்தில் புதிய சாட்சியத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கும் நாவல்களை அதன்பின் என்னால் மதிக்க முடியவில்லை.

விடுமுறை முடிந்ததும் பென்சில் பெயரைப் பற்றி மாஸ்டரிடம் கேட்டேன். “சரியும்தான், பிழையும்தான், தம்பி” என்றார். முழுதும் படித்தவர்களுக்கு அது விளங்கும்.

முடிவு தெரிந்த பின் லண்டனில் மீண்டும் படித்தேன். பிறந்தநாள் விருந்தில் ஒரு வைத்தியரோடு நடக்கும் வாக்குவாதம் வெறும் வேடிக்கையாகத் தோன்றும். அதை வேகமாகப் புரட்டாதீர்கள். பதிப்பின் முன்னுரையை மட்டும் தாராளமாகப் புரட்டிவிடுங்கள்; முன்னுரை எழுதும் பேராசிரியர்களுக்கு முடிவைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.